மனசார ஒரு கை

"உங்க அப்பாதானே? கையை ஒழுங்கா வைங்க!" என்று மருமகள் சுகந்தி கத்த, "நீதான் வச்சுப் பாரேன்!" என்று குலசேகர் எகிறினான்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் மனசாரக் கைவைத்தால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சை விளக்கு எரியும்; அது நோயாளியை விடும். இருவருக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது. குணமாகி நாற்பது நாளாகியும் குலசேகரின் அப்பா, எங்கள் தெரு தணிகாசலம், அங்கேயே கிடந்தார். நலம் விசாரிக்கப் போன எனக்கும் சிவப்புதான், அதை விடுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் அக்காவுக்கும் தணிகாசலத்துக்கும் சேர்த்துத் தினமும் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்த பிலோமினா டீச்சர், "சண்டை போடாதீங்கப்பா, பாவம் மனுஷன்" என்று தன் கையை வைத்தார்.

பச்சை எரிந்தது. அறுபத்தெட்டு வயதில் தணிகாசலம் வெட்கப்பட்டார்.

தை மாதம் ரெஜிஸ்டர் கல்யாணம். மகனும் மருமகளும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார்கள். மணமக்கள் மறுநாளே நாகர்கோவிலுக்குக் குடிபோய்விட்டார்கள்.