பத்தொன்பது இடிந்த வீடுகள்

"இன்னைக்கு எப்படியாச்சும் தோத்துட்டு வாரேன் ஒச்சாயி" என்று சொல்லிக்கொண்டே விருமாண்டி சைக்கிளைத் துடைத்தார்.

"குளிச்சு முழுகி, வெள்ளைச் சட்டை போட்டுத் தோக்கப் போற மனுசனை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் மனைவி.

"சிரிக்காத. சோணை பத்தொம்பது வாரமாத் தோக்குறான். மனசு விட்டுப்போயி, 'நமக்கு இது சரிப்படாது மச்சான்'னு சொல்லிட்டான்னா, அப்புறம் நான் யாரோட விளையாடுறது? நீ வாரியா?"

"எனக்கு அடுப்போட சண்டை போடவே நேரம் பத்தல."

விருமாண்டியின் பயம் நியாயமானதுதான். பட்டாளத்தில் மண்ணில் ஊர் செய்து, பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திச் சண்டை கற்றுக்கொடுப்பார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் அங்கிருந்து ஓய்வு பெற்று அவனியாபுரம் வந்தவர், அதையே தாயக்கட்டை உருட்டி ஆடும் விளையாட்டாக மாற்றிவிட்டார். சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஆளுக்கு இருபது. குண்டு விழுந்து இடிந்த ஊர்தான் போர்க்களம். ஆனால் கூட ஆட ஒரு ஆள் வேண்டுமே? கேட்டவர்களெல்லாம், "பேரன் எடுக்குற வயசுல பொம்மையா?" என்று நழுவினார்கள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் சோணை ஒருவன்தான் சிக்கினான்.

முதல் வாரம் நாலு செங்கலை நிறுத்திவைத்து ஆடினார்கள். அன்றைக்கே விருமாண்டி ஒரு சட்டம் போட்டார். தோற்றவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சாண் பலகையில் ஓர் இடிந்த வீடு செய்துவைக்க வேண்டும். அதுதான் தண்டனை. பலகைகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் தெருவோடு தெரு சேரும். வாரம் ஒரு புது ஊர் கிடைக்கும். இப்போது பத்தொன்பது வீடுகள் ஆகிவிட்டன. அத்தனையும் சோணை கட்டியது.

"பாவம், நாளெல்லாம் லேத்துல நின்னுட்டு வந்து அதையும் செய்யுறான்" என்று சொல்லிவிட்டு விருமாண்டி சைக்கிளில் ஏறினார்.

காளவாசல் பக்கம் இருந்த சோணையின் வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. பத்தொன்பதாவது வீட்டை விருமாண்டி குனிந்து பார்த்தார். தீப்பெட்டி அட்டையில் சுவர், அதன்மேல் பசை தடவித் தூவிய செங்கல் தூள். சரிந்த கூரைக்கு ஊதுபத்திக் குச்சிகள். காயவைத்த டீத்தூள் சக்கை வாசலில் இடிபாடாகக் குவிந்து கிடந்தது. பாதி நின்ற சுவரில் நகத்தளவு காலண்டர் ஒன்றுகூடத் தொங்கியது.

"இம்புட்டு வேலை எதுக்கு மாப்ள? சும்மா நாலு சுவரு போதும்ல?"

"தோத்தவன் செஞ்சுதானே ஆகணும் மச்சான்" என்றான் சோணை, தரையைப் பார்த்தபடி.

விருமாண்டிக்கு மனசே ஆறவில்லை. இன்றைக்குத் தோற்காமல் எழுந்திருப்பதில்லை என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஆனால் சோணையிடம் தோற்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. மாடியில் பத்திரமாக இருந்த மெஷின்கன்காரனை விருமாண்டி இறக்கி நடுத்தெருவில் நிறுத்தினார். சோணை அவனைச் சுடாமல் தன் ஆட்களைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"சுடு மாப்ள. வெட்டவெளியில நிக்கிறான்ல?"

"பொறி எதுவும் வச்சிருப்பீங்க மச்சான். எனக்கெதுக்கு வம்பு?"

இப்படியும் ஒரு மக்கு உண்டா என்று விருமாண்டி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். மிச்சமிருந்த பத்துப் பேரையும் ஊர்வலம்போல வரிசையாக நடத்திக்கொண்டு வந்து சோணையின் முன்னாலேயே நிறுத்தினார். வேறு வழியில்லாமல் சோணை தாயக்கட்டையை உருட்டினான். எத்தனை விழுகிறதோ அத்தனை பேர் காலி என்பது கணக்கு; பன்னிரண்டு விழுந்தது. விருமாண்டியின் படையில் ஒருத்தன் மிஞ்சவில்லை.

"நீ ஜெயிச்சுட்ட மாப்ள." விருமாண்டிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அடுத்த வாரம் வீடு என் பொறுப்பு. ரெண்டு அட்டையை ஒட்டிக் கொண்டாரேன், போதும்ல?"

சோணைக்கு முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

"என்ன தாயி, ஜெயிச்சவன் இப்படிப் போறான்?" என்றார் விருமாண்டி, காபி கொண்டுவந்த சோணையின் மனைவி செல்லக்கிளியிடம்.

"பின்ன எப்படிண்ணே சிரிப்பாரு?" அவள் குனிந்து, கட்டிலுக்கடியில் எதையோ மூடியிருந்த பழைய சேலையை விலக்கினாள். கோபுரம் சரிந்த கோயில், கூரை பறந்த சினிமாக் கொட்டகை, பாதி இடிந்த ரயில்வே ஸ்டேஷன் என்று வரிசையாக ஆறு பலகைகள். "அடுத்த ஆறு வாரம் தோக்குறதுக்கு இப்பவே செஞ்சு வச்சிருந்தாரு."