சாவியைக் குடுத்தாரு, ரிமோட்டைக் குடுக்கல

“அலாரத்துல மட்டும் கைய வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

திருவேங்கடம் வந்ததும் வராததுமா சொன்னது இதான். கருங்குழிக்காரரு. பழைய காருக்குப் புது சீட் கவர் போட எங்க கடைக்கு வந்தாரு. சாவிய என் வூட்டுக்காரரு பெஞ்சமின்கிட்ட குடுத்தாரு. ரிமோட்ட மட்டும் சட்டப் பாக்கெட்ல போட்டுகினு எதுத்தாப்புல டீக்கடையில போயி உக்காந்துட்டாரு.

போறப்ப இன்னொண்ணும் பண்ணாரு. கார்கிட்ட வெளாடிகினு இருந்த என் பொண்ணு ஷாரோன, மூணு வயசுப் புள்ள, தூக்கி இந்தாண்ட வுட்டுட்டுப் போனாரு. வண்டி அழுக்காயிடுமாம்!

அந்த அலாரம் இருக்கே, வெளியில வாங்கி மாட்டினது. கதவ சாத்தினா தானா பூட்டிக்கும். சாவி போட்டுத் தொறந்தா கத்தும். உள்ள ஏதாச்சும் அசைஞ்சாலும் கத்தும். ஜிஎஸ்டி ரோட்டுப் புழுதிக்கு நாங்க கதவ சாத்தாம வேல செய்ய முடியுமா?

பெஞ்சமின் தொறப்பாரு. அது ஊரையே கூட்டும். அந்த மனுஷன் டீக்கடை வாசல்லேர்ந்தே ரிமோட்ட அமுக்குவாரு. திரும்ப உக்காந்துக்குவாரு.

“இன்னா பெஞ்சமினு, வண்டியில இன்னாத்த ஆட்டையப் போட்ட?” டீ குடிக்கிறவங்க சிரிச்சாங்க.

எனக்குப் பத்திகினு வந்துச்சு. சிங்கப்பெருமாள் கோயில்ல நாங்க கடை தொறந்தே கொஞ்ச நாள்தான் ஆவுது. திருட்டுக் கடைன்னு பேராச்சுன்னா எவன் வண்டி வுடுவான்?

தையல் மிஷின வுட்டுட்டு ஷாரோன கையில புடிச்சிகினு நேராப் போனேன்.

“சார், ரிமோட்ட குடுங்க. வேல ஓட மாட்டேங்குது.”

“அது எங்கிட்டயே இருக்கட்டும்மா.”

எம் மூஞ்சியக்கூட பாக்கல. ஷாரோனயே பாத்தாரு. பால்குடி மறந்து ரெண்டு வருசம் ஆவல, அதுமேலயுமா சந்தேகம்?

வந்து பெஞ்சமின்கிட்ட கத்தினேன். “இன்னாங்க, நமக்கு மானம் ரோஷம் இல்ல? அந்தச் சனியன் வாய மூடுங்க மொதல்ல!”

அவரும் எவ்ளோதான் பொறுப்பாரு? பானட்டத் தூக்கி, சத்தம் போடற ஒயர மட்டும் புடுங்கி வுட்டாரு.

அப்பாடா! கதவத் தொறந்தாரு, சாத்தினாரு. சத்தமே இல்ல. நான் நிம்மதியா தைக்க உக்காந்தேன்.

கொஞ்ச நேரந்தான். அந்த மனுஷன் ரோட்டத் தாண்டி ஓடியாந்தாரு. செருப்பு ஒண்ணு நடு ரோட்டுலயே கெடக்குது. ரிமோட்ட அமுக்கி, பின்கதவ இழுத்துத் தொறந்து, சீட்டுக்குக் கீழ குனிஞ்சு பாத்தாரு.

“நல்லாத் தேடு சார்! இன்னா காணோம்? ஒழைச்சுத் துன்றவங்க நாங்க. எங்களப் பாத்தா திருடங்க மாதிரியா கீது?”

“பாப்பா எங்கம்மா?”

“இன்னாது?”

“உம் பொண்ணும்மா! எங்க அவ?”

மிஷினுக்குப் பின்னால ஃபோம் குவியல் மேல ஷாரோன் தூங்கிகினு இருந்தா. அவளப் பாத்ததும் அப்பிடியே தரையில உக்காந்துட்டாரு.

“இந்த ஓட்ட வண்டிய எவம்மா திருடுவான்? போன கோடையில ஒரு கடையில இப்பிடித்தான் சத்தத்த நிறுத்திட்டு, திரும்ப மாட்ட மறந்துட்டான். எம் பேரன் வெளாட்டா உள்ள பூந்து கதவ சாத்திகினான். பூட்டிகிச்சு. அவன் தட்டினது ஒருத்தர் காதுலயும் வுழல. கண்ணாடிய ஒடைச்சித்தான் தூக்கினோம். ஏதோ பொழைச்சிகினான்.”

பெஞ்சமின் போயி பானட்டத் தூக்கி ஒயர மாட்டினாரு.

“இத மொதல்லயே சொல்லி இருக்கலாமே சார்?” நான் கேட்டேன்.

“எந்த வாயால சொல்றது? எம் பேரனையே கவனிக்காம வுட்டவன் நானு. காலைல நீங்க ரெண்டு பேரும் ஃபோம் எறக்கிகினு இருந்தீங்க. உம் பொண்ணு எங்காரு பின்சீட்டுல ஏறி ஒளிஞ்சிகினா. அப்பதாம்மா முடிவு பண்ணேன், ரிமோட்ட குடுக்கக் கூடாதுன்னு.”