இரண்டு பெயர் உள்ள அட்டை

ஜாமீன் கிடைத்தும் இருளப்பன் ஏழு மாதமாகச் சிறையில் இருக்கிறான். செம்புக் கம்பி திருடியதாக வழக்கு. அவன் வெளியே வர, ரேஷன் அட்டையோடு ஒருவர் ஜாமீன்தாரராக நிற்க வேண்டும். அப்படி யாரும் அவனுக்கு இல்லை; மனைவியிடமும் அட்டை கிடையாது. நிற்க ஆளில்லை என்பதற்காக ஒருவரையும் உள்ளே வைத்திருக்கக் கூடாது என்று என் மனைவி தமயந்தி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தாள். அவள் இலவச சட்ட உதவி வக்கீல். தன் கட்சிக்காரனுக்குத் தானே ஜாமீன் நிற்க முடியாது என்பதால் என்னை நிற்கச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். மனு விசாரணைக்கு வருவதற்குள் இறந்துபோனாள்.

நேற்று அட்டையோடு நீதிமன்றத்துக்குப் போனேன். அதில் இரண்டே பெயர், படம் அவளுடையது. எழுத்தர் அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

“குடும்பத் தலைவியைக் கூட்டிட்டு வரலையா சார்?”

“இறந்துட்டாங்க.”

சிரிப்பை நிறுத்தினார். “அப்ப பேரை நீக்கிட்டு வாங்க. செத்தவங்க இருக்கற அட்டையை ஐயா ஏத்துக்க மாட்டாரு.”

என் பின்னால் இருளப்பனின் மனைவி பாக்கியம் நின்றிருந்தாள்.

“பேருதானே சார்,” என்றாள். “வக்கீலம்மா இருந்திருந்தா அவங்களே நீக்கச் சொல்லியிருப்பாங்க.”

அது உண்மைதான். பெயர் நீக்கும் அலுவலகம் எதிர்ப்பக்கம்தான் இருந்தது. கதவு திறந்திருந்தது, வரிசைகூட இல்லை. நான் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன்.

“பார்க்கலாம்,” என்றேன்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.