ஏழு தலைமுறைக் கோப்பை

"டீ குடிச்சாச்சு. இப்ப இந்தக் கோப்பைய நான் வாசப்படியில போட்டு ஒடைக்கணும் சம்பந்தி. நிச்சயத்துல அதுதான் எங்க வூட்டு மொற" என்றார் மாப்பிள்ளையின் அப்பா விருத்தகிரி.

பெண்ணின் அப்பா நடராசனுக்கு முகம் வெளுத்தது. அவர் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை பார்ப்பவர்.

"கீறல் வுழாம சூளையிலேருந்து எடுக்கறதுதாங்க என் பொழப்பே. நல்ல நாளும் அதுவுமா ஒடைக்கணுங்கிறீங்களே!"

"ஏழு தலைமுறையா நடக்குது. ஒடைக்காம நாங்க தட்டு மாத்த மாட்டோம்."

கல்லூரியில் படிக்கும் மணப்பெண் வாசுகி கதவோரம் நின்று கேட்டாள்: "ஏழு தலைமுறைக்கு முன்னாடி நம்ம பக்கம் பீங்கான் கோப்பை ஏது மாமா?"

"கோப்பைதாம்மா புதுசு. மொற பழசு."

கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்த நடராசன், கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கோப்பை சில்லு சில்லாய்ச் சிதறியது.

விருத்தகிரியின் மூத்த மகனுக்குப் பெண் கொடுத்த பச்சமுத்து கைதட்டினார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி என் பொண்ணு நிச்சயத்துலதான் இத மொதமொத பாத்தேன். இப்ப எங்க சேத்தியாத்தோப்புல எல்லா வூட்டுலயும் ஒடைக்கிறாங்க. போன மாசம் தம்பி பொண்ணுக்கு ஒரு டஜன் ஒடச்சோம்!"

விருத்தகிரியின் மனைவி பெரியநாயகி அவர் காதில் கிசுகிசுத்தாள்: "அன்னிக்கி மூத்தவன் நிச்சயத்துல கை தவறி கோப்பைய கீழ போட்டுட்டு, மானம் போவுதேன்னு மொறன்னு சொல்லி வச்சீங்க. இப்பவாவது உண்மைய சொல்லிடுங்களேன்."

விருத்தகிரி மீசையை நீவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பரம்பரை வழக்கத்த மாத்த நாம யாருடி?"