பெண் கேட்டுப் போன கார்

"இதுல என் முகம் எங்க தெரியுது?"

வேலாபி தன் காரின் பானெட்டில் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றரை மணி நேரமாகத் துணியும் கையுமாக நின்ற பெண்ணின் பக்கம் வாளியை எட்டி உதைத்தார். நுரைத் தண்ணீர் அவள் கால்சட்டை முழுக்கத் தெறித்தது.

"வெள்ளிக் கலர்ல முகம் தெரியாது ஐயா. வெளிச்சம்தான் அடிக்கும். முகம் பாக்கணும்னா கறுப்புக் காரு வாங்கியிருக்கணும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? வாயை மூடிட்டுத் தேய்!"

உம்லாசி நகரில் கார் கழுவும் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆள் இருந்தது இந்த ஒன்றில்தான். அதுவும், முதல் நாள் ஒப்புக்கொண்ட ஒரு டாக்சியை முடித்துக் கொடுத்துவிட்டு அவள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம்.

இன்றைக்குக் கடை லீவு என்று அவள் சொன்னதற்கு, "உனக்கெல்லாம் என்னடி லீவு?" என்று கேட்டார் வேலாபி. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் இப்படிப் பேசினார்.

பின்னால், பெண் வீட்டுக்கு முறைப்படி கொடுக்க வேண்டிய பிராந்திப் பாட்டில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற தம்பி முறைக்காரர் துலானிதான் கெஞ்சினார். "கோவிச்சுக்காதம்மா. எங்க வீட்டுப் பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போறோம். ஷேஸி வீட்டுக்கு."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, சுருட்டிய குழாயை மறுபடி விரித்தாள்.

கழுவினாள். காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் தார்ப் புள்ளிகளை எடுத்தாள். மெழுகு போட்டாள். டயரையும் கண்ணாடி ஓரத்து ரப்பரையும் கறுப்பேற்றினாள். கறுப்பு நன்றாகக் கறுத்தால்தான் வெள்ளி எடுப்பாகத் தெரியும். அது வேலாபிக்கு எங்கே புரியும்?

"காரைத் தேய்க்கச் சொன்னா டயரைத் தடவிட்டு இருக்கா பாரு! கூலி மட்டும் முழுசா வேணும் இதுங்களுக்கு."

"காருக்கு மெழுகு போட்டுடலாம் ஐயா. வாய்க்குப் போட எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

துலானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பையைக் கீழே வைத்து, கோட்டைக் கழற்றி, தானும் ஒரு துணியை எடுத்துக் கதவைத் துடைத்தார். அதற்கும் விழுந்தது வசவு.

"வேலைக்காரப் புத்தி போகுதா பாரு! பை தூக்கத்தான்டா உன்னைக் கூட்டிட்டு வந்தேன். அங்க வந்து வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன். பேசறது நான்."

அப்போது மாப்பிள்ளைப் பையன் லிந்தானி போனில் வந்தான். ஊரே கேட்கட்டும் என்று வேலாபி ஸ்பீக்கரில் போட்டார்.

"பெரியப்பா, காரைத் தெருமுனையிலயே விட்டுட்டு நடந்து போங்க. பணிவாப் பேசுங்க. நாலு வருஷமாக் காத்துட்டு இருக்கோம். பொண்ணைக் கூப்பிட்டு, 'இவங்களைத் தெரியுமா'ன்னு கேப்பாங்க. தெரியும்னு அவ சொன்ன ஆளுதான் உக்காந்து பேச முடியும். தெரியாத ஆளு எழுந்து வெளிய போயிடணும். உங்களைப் பத்தி அவகிட்ட எல்லாம் சொல்லித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும்..."

"தெரியும்னு சொல்லாம என்ன செய்வா? இந்தக் காரு வாசல்ல நின்னாலே அந்தக் கூட்டம் கூனிக் குறுகிடும். அன்னாடங்காச்சிங்க. பொண்ணையும் கொடுத்து, நன்றியும் சொல்லணும் அவங்க."

துணி பிடித்த அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு முன்னிலும் அழுத்தமாகத் தேய்த்தது.

வெயில் ஏறியதும் காரைப் பார்க்கக் கண் கூசியது. "ஏதோ, பரவாயில்லை" என்றார் வேலாபி. கூலியை அவள் நீட்டிய கையில் வைக்காமல் ஈரத் தரையில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். துலானி குனிந்து எடுத்து, தன் சட்டையில் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு ஷேஸி வீட்டு வாசலில் நின்று, முறைப்படி அந்தக் குலத்தின் பெருமைப் பெயர்களைச் சொல்லி, பெண் கேட்டு வந்திருப்பதாகக் குரல் கொடுத்தார் வேலாபி. கார் வாசலை அடைத்துக்கொண்டு தகதகத்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. உள்ளே இருந்தவர்கள் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கப்படி ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

போர்வையால் முக்காடிட்டு, தலை குனிந்தபடி பெண் வந்து நின்றாள். போர்வையைப் பிடித்திருந்த விரல்களின் மீது வேலாபியின் பார்வை விழுந்தது. நகக் கண்களில் இன்னும் வெள்ளை மெழுகு ஒட்டியிருந்தது.

காலையில் தன் காரைத் தேய்த்த விரல்கள் என்று புரிந்ததும் ஓரடி பின்வாங்கினார். ஆனால் அவரைப் போன்றவர்களுக்குப் பயம் எவ்வளவு நேரம் நிற்கும்? தெரியாது என்று சொன்னால் நின்றுபோவது இவள் கல்யாணம்தானே? நாலு வருஷம் காத்திருந்தவள் அதற்குத் துணிவாளா? டையை நேராக்கிக்கொண்டு, துலானியை முழங்கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பாயில் உட்காரக் காலை மடக்கினார்.

"நொக்வாசி, இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார் பெண்ணின் தாய்மாமன்.

அவள் நிமிர்ந்து இரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்தாள்.

"பை வச்சிருக்கவரைத் தெரியும் மாமா. மத்தவரு யாருன்னு தெரியலை."