வழிமொழிபவர்

ரயில்வே இன்ஸ்டிடியூட் என்ற ஊழியர் மன்றத்தில் இரங்கல் தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிந்தவர் "அமரலாம்" என்று சொல்லும்வரை எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள். ஞானமுத்து முன்மொழிந்த இரங்கல்களையெல்லாம் தர்மலிங்கம்தான் வழிமொழிந்து வந்தார். இப்போது தர்மலிங்கமும் போய்விட்டார். உறுப்பினர் என்று மிஞ்சியது ஞானமுத்து மட்டுமே. பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியை எலி தின்றிருந்த அந்தக் கூடத்தில், வரிசையாகப் போட்டிருந்த மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே தர்மலிங்கத்தின் மனைவி பூரணி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஞானமுத்து தீர்மானத்தை வாசித்துவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தார்.

"நான் வழிமொழியறேண்ணே," என்றாள் பூரணி.

"நீ மெம்பர் இல்லியேம்மா."

"சேத்துக்குங்க."

"அதுக்கும் ரெண்டு பேரு வேணுமே."

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. பெண்களைச் சேர்க்கலாம் என்று எப்போதோ ஒருவர் முன்மொழிந்தபோது, வழிமொழிய எவரும் எழவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"அவராவது எந்திரிப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றாள்.

ஞானமுத்து தலை குனிந்தார். அவளும் எழுந்து நின்றாள். ஒரு ரயில் ஜன்னல்களை அதிரவைத்துப் போனது. கூடம் மெல்ல இருட்டியது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்கண்ணே."

அவர் நிமிரவில்லை. "நீ சொன்னா செல்லாதும்மா," என்றார்.

பூரணி தன் நாற்காலியை மட்டும் மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனாள். அவர் நின்றுகொண்டிருந்தார்.