பாலத்தில் ஒரு புள்ளி

"அண்ணே, இதுல ஓடுறது எல்லாம் அப்படியே இந்த ஐபோன்லயும் ஓடுமா? ஒண்ணுகூட விடாம?"

மாரிசெல்வி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அவள் கையில் பழைய ஆண்ட்ராய்டு போன். கடை மேஜை மேல், துபாயிலிருந்து தாய்மாமன் இசக்கிப்பாண்டி கொடுத்தனுப்பிய ஐபோன் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

"நம்பரு, போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் வந்துரும் பாப்பா. ஆப்புல சிலது வராது. அது வேற கட்சி, இது வேற கட்சி" என்றான் யாகூப். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவன் கடை. எந்தப் போனைக் கொடுத்தாலும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்துவிடுவான்.

பக்கத்து ஸ்டூலில் அவள் அப்பா சிவனாண்டி வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குட்டி இந்த வீண் வேலை? கீழ விழுந்து கண்ணாடி போச்சுன்னா என் ஒரு மாசச் சம்பளம் காலி. பழசே கிடக்கட்டும்."

"மாமா கோவிச்சுக்கிடுவாவப்பா."

"அவன் கிடக்கான்!"

கண்ணாடி உடைவதா அவருக்குக் கவலை? ஆறு மாதத்துக்கு முன், மகள் காலேஜில் சேர்ந்த புதிதில், தறிக்கூடத்துச் சிநேகிதர் ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி அவள் போனில் ரகசியமாக ஒரு ஆப்பைப் போட்டுவைத்தார். மகள் எங்கே போனாலும் இவர் போனில் ஒரு நீலப் புள்ளி நகரும். விசைத்தறி தடதடவென்று ஓட, இழை அறுந்ததுகூடத் தெரியாமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐபோனில் அந்த ஆப் ஓடாது. அதுகூடப் போகட்டும். யாகூப் பழைய போனைக் குடைந்தால் குட்டு உடைந்துவிடும். பெற்ற பிள்ளையையே வேவு பார்த்தவர் என்று தெரிந்தபின் அவள் வாய் நிறைய அப்பா என்று கூப்பிடுவாளா?

இந்தப் பயம் ஒரு பக்கம் என்றால், அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்த பயம் இன்னொரு பக்கம். மூன்று வாரமாகவே அது சரியில்லை. மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் போகும் மகள், காலேஜ் ஸ்டாப்புக்கு முந்தின ஓடைப் பாலத்திலேயே இறங்குகிறாள். இருபது நிமிஷம், அரை மணி நேரம் என்று அங்கேயே நிற்கிறாள். கருவேலங்காட்டைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் வயசுப்பிள்ளைக்கு என்ன ஜோலி? எவனோ வருகிறான், வேறென்ன! வீட்டில் அவள் சிரித்துப் பேசியும் மூன்று வாரம் ஆகிறது.

கேட்கவும் வழியில்லை. கேட்டால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். போன திங்கட்கிழமை டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனார். மகள் ஒருத்தனோடு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் உயிரோடு இருப்பதில் என்ன அர்த்தம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வண்டியைத் திருப்பிவிட்டார்.

"என்ன பாப்பா, மாத்திருவோமா?" என்றான் யாகூப்.

மாரிசெல்வி புதுப் பெட்டியைப் பார்த்தாள், பழைய போனைப் பார்த்தாள். பழையதை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதைச் சிவனாண்டி கவனித்தார். எதையோ மறைக்கிறாள், சந்தேகமே இல்லை.

"பழசக் கொடு. எது வரும், எது வராதுன்னு பாத்துச் சொல்லுதேன்."

"வேண்டாம்!" என்றார்கள் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில்.

யாகூப் சிரித்துவிட்டான். "என்ன அண்ணாச்சி, உள்ள புதையலா வச்சிருக்கிய?" என்றபடியே அவள் கையிலிருந்து போனை வாங்கித் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். சட்டென்று அவன் விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"பாப்பா, பேரே இல்லாம ஒரு ஆப் கிடக்கு. நீ போற இடம், வார இடம் எல்லாத்தையும் யாரோ பாத்துக்கிட்டு இருக்காவ. இது லேசுப்பட்ட விஷயம் இல்ல, போலீசுக்குப் போகணும்."

சிவனாண்டி, 'கோமதித் தாயே, இந்த ஒரு தடவை காப்பாத்திரு' என்று மனசுக்குள் கும்பிட்டார்.

"எவன்னு பெறகு பாப்போம். மொதல்ல இத அழிச்சிருதேன்" என்றான் யாகூப்.

"அழிச்சிராதிய அண்ணே!" மாரிசெல்வி வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இது இல்லாத போன் எனக்கு வேண்டாம். மாமாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

"ஏட்டி..." சிவனாண்டி ஸ்டூலை விட்டு எழுந்தார். "அப்ப உனக்கு..."

"நீங்க போட்ட அன்னைக்கே தெரியும்பா."

அவள் கண் நிறைந்துவிட்டது. கடை, யாகூப் எதையும் பார்க்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்துச் சொன்னாள்.

"காலேஜ் ஸ்டாப்புல மூணு வாரமா ஒருத்தன் வழிய மறிக்கான், கையப் பிடிச்சு இழுக்கான். வாயத் தொறந்து சொன்னா படிப்ப நிறுத்திருவியன்னு பயம். எம்மவ ஏன் இங்கன நிக்கான்னு போன்ல பாத்துட்டு நீங்களே வண்டிய எடுத்துட்டு வருவியன்னுதான், தினமும் அந்தப் பாலத்துல உங்களுக்காகக் காத்துக்கிட்டு நின்னேன்பா."